சலமாங்கா டீச்சர்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஸ்பானிஷ் டீச்சர்களில், கல்லூரி நாளில் ஒரு பருவம் ஸ்பெயினில் படித்துவிட்டு வந்தவர் தனி ரகம். போய்வந்து இருபது வருடம் ஆகியிருக்கும்; மனசு மட்டும் இன்னும் விமானம் ஏறவில்லை. படித்த ஊர் பெரும்பாலும் சலமாங்காவாக இருக்கும்.

எந்தப் பாடமும் பத்தாவது நிமிடம் அந்த ஊருக்குள் நுழைந்துவிடும். 'சாப்பிடு' என்ற வினை வந்தால், தங்கியிருந்த வீட்டு அம்மாள் ராத்திரி பத்து மணிக்குப் போட்ட உருளைக்கிழங்கு ஆம்லெட். 'தேடு' வந்தால் தவளை. 1218-இல் தொடங்கிய அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் முகப்பில், ஒரு மண்டையோட்டின் மேல் செதுக்கிய தவளை அது. யாரும் காட்டாமல் தானே கண்டுபிடிப்பவர் பரீட்சையில் தேறுவார் என்பது ஐதீகம். டீச்சர் தானேதான் கண்டுபிடித்தார். முதலில் அது ஐந்து நிமிட வேலை; மறுவருடம் கதையில் மழை சேரும்; அதற்கடுத்த வருடம் சுற்றுலாக் கூட்டமே திணறி நிற்க, இவர் விரல் நீட்டுவார். சாட்சிக்கு ஒரு புகைப்படம் உண்டு. அதில் சுவர் தெரியும். "நல்லா உத்துப் பாருங்க" என்பார். கடைசி பெஞ்சுப் பையன் தெரிகிறது என்று சொல்லிவிடுவான்; அவனுக்குச் சாப்பாட்டு நேரம்.

ஸ்பானிஷ் பேசும் மற்ற நாடுகளுக்கு ஆண்டுக்கொரு தின்பண்ட நாள். மே 5 வந்தால் காகித மீசை, அகலத் தொப்பி, சோளச் சிப்ஸ். 1862-இல் புவேப்லாவில் மெக்சிகோ படை பிரெஞ்சுப் படையை விரட்டிய சேதி சிப்ஸ் தீர்வதற்குள் முடிந்துவிடும். பல பிள்ளைகள் அதையே சுதந்திர தினம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகும். மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. ஆப்பிரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் ஈக்குவடோரியல் கினி, சுவர் வரைபடத்தில் ஆணி அடித்த இடத்தில் இருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: சிப்ஸ், மீசை எல்லாம் டீச்சரின் சொந்தக் காசு.

வகுப்பில் மெக்சிகோக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருப்பாள். பலரை ஒன்றாக விளிக்க ஸ்பெயினில் நெருங்கியவர்களிடம் 'வோசோத்ரோஸ்'. மெக்சிகோவில் யாராக இருந்தாலும் 'உஸ்தேதேஸ்'. அண்ணன்தம்பிகளிடம் பேசுகிறபடியே அவள் எழுதினாள். சிவப்பு மை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பால்குடி வயதிலிருந்து பேசும் மொழியில் ஒரு பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். தப்பே இல்லாத இடத்தில் தப்பு என்று எழுதுவது அதைவிட அநியாயம். பெற்றோர் சந்திப்பு நாளில் யாராவது படபடவென்று ஸ்பானிஷில் பேசத் தொடங்கினால், மொழிபெயர்க்க டீச்சர் கூப்பிடுவதும் அவளைத்தான்.