பாதரசத்துக்குப் பணி ஓய்வு கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: வேதியியல் முதுகலை ஆசிரியர், ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்: கழிவுநீக்க அனுமதி வழங்கும் மேலான அலுவலர் அவர்கள்.

பொருள்: காலாவதியான ஆய்வக வேதிப்பொருள்களை அப்புறப்படுத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருளில் நான் எழுதிய முந்தைய கடிதங்கள். 2. அவற்றின் மீதான தங்கள் மௌனம்.

ஐயா,

எங்கள் ஆய்வகத்தின் கடைசி அலமாரியில் ஒரு பாட்டில் பாதரசம் இருக்கிறது. நான் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே வந்தது, பணிமூப்பு அதற்குத்தான். பக்கத்தில் லெட் நைட்ரேட், பொட்டாசியம் டைகுரோமேட், பார்மலினில் மிதக்கும் ஒரு தவளை, அப்புறம் லேபிளைக் கரையான் தின்றுவிட்ட சில பாட்டில்கள். முன்பிருந்த எழுத்தர் இவற்றைப் பார்த்துக் குழம்பவில்லை. “வெள்ளைப் பொடி – 3 எண்ணம், மஞ்சள் பொடி – 1 எண்ணம்” என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அன்று முதல் அவை அரசு சொத்து. என்ன பொடி என்று யாருக்கும் தெரியாது. எத்தனை என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

தணிக்கைக்கு வந்த அலுவலர் பாதரசத்தைத் தராசில் வைத்துப் பார்த்தார். பதிவேட்டில் உள்ளதைவிடச் சில கிராம் குறைவு. விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. இதோ விளக்கம்: பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாட்டிலின் மூடி பல வருடங்களாக விரிசல் விட்டுக் கிடக்கிறது. ஆகவே குறைந்த இருப்பு களவு போகவில்லை ஐயா; அந்த அலமாரி முன்னால் நின்று பாடம் நடத்தியவர்களுக்கும் செய்முறை செய்த பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. பயனாளிகள் பட்டியல் தேவையெனில் வருகைப் பதிவேட்டின் நகலை இணைத்து அனுப்புகிறேன்.

ஒருமுறை பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் வெப்பமானி விழுந்து உடைந்தது. சிவப்புச் சிமெண்ட் தரையின் வெடிப்புகளுக்குள் வெள்ளி மணிகள் ஓடின. விளக்குமாறு வைத்துக் கூட்டக் கூடாது; ஒரு மணி நூறாகச் சிதறும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இரண்டு அட்டைகளால் ஒதுக்கிச் சேர்த்து, இறுக்கமான டப்பாவில் அடைத்து, இடுக்குகளில் கந்தகப் பொடி தூவ வேண்டும். நான் கந்தகத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் தூய்மைப் பணியாளர் அக்கா தென்னை விளக்குமாற்றால் கடமையை முடித்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. தப்பிய மணிகளை ஒரு மாணவி ஜாமெட்ரி பாக்ஸில் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறாள். மறுநாள் அவள் அம்மா வந்தார். “தங்க மோதிரம் வெளுத்துப் போச்சே சார், கடைக்காரன் ஏமாத்திட்டானா?” என்றார். கடைக்காரர் நல்லவர்தான் அம்மா, பள்ளிக்கூடத்தில்தான் சேதாரம் என்றேன்.

என் கடிதங்களுக்கு எழுத்தில் பதில் வராவிட்டாலும் தொலைபேசியில் யோசனைகள் வந்தன. “பின்னாடி குழி வெட்டிப் புதைச்சிடுங்க சார்.” பின்னாடிதான் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, சத்துணவுக்கு அந்தத் தண்ணீர்தான். “சிங்க்ல ஊத்தித் தண்ணியத் திறந்து விடுங்க.” எங்கள் சிங்க்கின் குழாய் சுவருக்கு வெளியே வந்ததும் முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு பப்பாளி மரம் அமோகமாகக் காய்க்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு அந்தப் பழத்தை நறுக்கித் தட்டில் வைப்பது எங்கள் பள்ளி வழக்கம். நான் தொடுவதில்லை.

முறைப்படி போகலாம் என்றால், தங்கள் முறைக்குத் தெரிந்தது ஏலம் ஒன்றுதான். உடைந்த பெஞ்சானாலும் துருப்பிடித்த பீரோவானாலும் விலைப்புள்ளி வாங்கி, அதிகம் கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும். நஞ்சுக்கு யார் விலைப்புள்ளி கொடுப்பார்? எடுத்துப் போகிறவருக்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். அதற்குக் கணக்குத் தலைப்பு இல்லை என்கிறார்கள். காசு கொடுத்து அரசு சொத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் தணிக்கைத் தடை வருமாம்.

ஏலம் விட்டே தீரலாம் என்போருக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்றார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஏலத்தோடு பதிவேட்டிலிருந்து ஒரு வரி குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் அலமாரியில் கதிரியக்கம் இல்லை. அந்த அளவுக்கு நிதி ஒதுக்கீடு வந்ததில்லை. ஆனால் போர்ஷே வினைபொருள் இருக்கிறது. அதற்கு மூலப்பொருளான டைநைட்ரோபீனைல் ஹைட்ரசீன் ஈரமாக இருக்கும்வரை சாது, உலர்ந்துவிட்டால் வெடிக்கக்கூடியது. 2016-ல் பிரிட்டன் பள்ளிகளில் இது கவனிப்பாரற்று இருப்பது தெரிந்ததும் ராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்கள் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் போனார்கள். நான் ராணுவம் கேட்கவில்லை ஐயா. ஒரு டெம்போ கேட்கிறேன்.

போக இடம் இல்லையா என்றால், இருக்கிறது. அபாயகரக் கழிவுகளைக் கையாளும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இயங்குகிறது. டியூப் லைட், உடைந்த வெப்பமானி மாதிரியானவற்றை வீடுகளிடமிருந்து வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு விதிகள் சொல்லின. எங்கள் ஊர் மையத்தை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது. அது பற்றிய சுற்றறிக்கை எங்கள் அலமாரிக்கு மட்டும் வரவில்லை. கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டு, அதன் பாதரசக் கழிவில் சுமார் 290 டன் 2003-ல் கப்பலேறி அமெரிக்கா போனது. மக்கள் போராடியதால் அந்தக் குப்பைக்கு விசா கிடைத்தது. எங்கள் பாட்டிலுக்குப் பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் கிடைக்கவில்லை.

வண்டிதான் பிரச்சினை என்றும் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டுக்காப்பு மையத்திலிருந்து பள்ளிக்கு வேனில் வருகிறது. கூடவே வழித்தட அலுவலர், துப்பாக்கி ஏந்திய காவலர். மாவட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் காலை தவறாமல் போய்ச் சேரும் அந்த ஏற்பாட்டைக் கண்டு நான் வியக்காத ஆண்டில்லை. தேர்வு முடிந்த பிறகு அதே வேன், அதே வழித்தடத்தில் ஒருமுறை, பூட்டிய பெட்டிகளோடு திரும்பி வந்தால் போதும். துப்பாக்கி வேண்டாம், கையுறை வேண்டும்.

இத்தனை ஆண்டுகளாக எந்த ஆசிரியரும் இதை ஏன் தொடவில்லை என்று தாங்கள் கேட்கலாம். காரணம் வேதியியல் அல்ல, ஓய்வூதியம். வருகிற மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். இருப்பும் பதிவேடும் ஒத்துப்போனால்தான் எனக்கு நிலுவையின்மைச் சான்று. அது இருந்தால்தான் மற்றதெல்லாம். ஒழுங்காக அப்புறப்படுத்தினால் பொருள் குறைகிறது, நான் பதில் சொல்ல வேண்டும். அப்படியே விட்டுவைத்தால் நான் நேர்மையான ஊழியர். எனக்கு முன்பிருந்தவர் அப்படித்தான் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்திட்ட பட்டியலில் அந்த மூன்று வெள்ளைப் பொடிகளும் இருக்கின்றன.

எனவே தாங்கள் மூன்று வரிகளில் பதில் தந்தால் போதும்: யார் எடுத்துப் போவார், செலவு எந்தத் தலைப்பில், பதிவேட்டில் என்ன எழுதி அடிப்பது. ஏப்ரல் முடியும் வரை பதில் வராவிட்டால், வழக்கப்படி எனக்கு அடுத்து வரும் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுவேன். அவர் இளைஞர், போட்டித் தேர்வில் தேறி வருபவர். பாதரசத்தின் உருகுநிலை, கொதிநிலை எல்லாம் தலைகீழாகத் தெரிந்திருக்கும். மூடியில் விரிசல் இருக்கிறது என்பதை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேதியியல் ஆசிரியர்
(சில கிராம் பாதரசத்துக்குப் பொறுப்பாளர்)