பெரிய கோயிலும் பெரிய திரையும்

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் சரித்திரப் பாடத்துக்கென்று இருந்த ஒரே தளவாடம் ஓர் இந்தியப் படம். துணியில் ஒட்டி, மேலும் கீழும் கட்டை அடித்து, சுருட்டி பீரோ மேல் கிடத்தியிருப்பார்கள். அதை இறக்கி ஆணியில் மாட்டுகிற பதவிக்கு நான்காம் வகுப்பில் அடிதடி நடக்கும். அந்தப் படத்தில் ஹைதராபாத் தனி மாநிலம்; திருவிதாங்கூர்-கொச்சி உண்டு, கேரளம் கிடையாது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த சேதி, எழுபதுகள் பிறந்தும் எங்கள் சுவருக்கு வந்து சேரவில்லை. யோசித்தால், அந்த வகுப்பறையில் இருந்த அசல் சரித்திரச் சான்றே அதுதான். அதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

வாத்தியார் பிரம்பு நுனியால் தஞ்சாவூரைத் தொடுவார். தொட்டுத் தொட்டு அங்கே ஓட்டையே விழுந்திருந்தது. "ராஜராஜன் கட்டினது. 1010-ல முடிச்சான். கோபுர நிழல் தரையில விழாது."

"விழாது சார்!" என்று நாங்கள் கோரஸ் பாடுவோம். பஸ் ஏறினால் அரை மணியில் தஞ்சாவூர். வகுப்பில் பாதிப் பேர் பெரிய கோயில் சதய விழாவுக்குப் போய்வந்தவர்கள். ஆனால் பிரம்பு எதிரே இருக்கையில் கண்ணால் கண்டதையெல்லாம் சாட்சிக்கு இழுக்க முடியுமா?

பிறகு காலம் மாறியது. செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன. 2018-இல் பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. அப்புறம் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி என்று அரசு அறிவித்தது.

என் தங்கை மகளும் தொடக்கப் பள்ளி ஆசிரியைதான். "வந்து பாருங்க மாமா, உங்க காலம் மாதிரி இல்ல" என்று அழைத்துப் போனாள். உண்மைதான். எங்கள் வாத்தியார் வந்ததும் பாடம் ஆரம்பித்துவிடும். இவள் முதலில் எமிஸ் என்கிற கல்வித் துறைச் செயலியில் வருகை ஏற்றினாள். பிறகு புத்தகத்தின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாள். திரையில் வட்டம் சுற்றியது. தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டாள். வட்டம் இன்னும் உற்சாகமாகச் சுற்றியது. "டீச்சர், ஜன்னல்கிட்ட வெச்சா டவர் கிடைக்கும்" என்று ஒரு வாண்டு யோசனை சொன்னது. கடைசியில் அவளே எப்போதோ தரவிறக்கி வைத்திருந்த, யாரோ தயாரித்த ஒரு வீடியோ கைகொடுத்தது.

என்னமாய்ப் படம்! 216 அடி விமானம் திரையில் சுழல்கிறது. கழுகுபோல் மேலே ஏறி உச்சியைச் சுற்றுகிறோம். பிள்ளைகள் வாய் பிளந்துவிட்டார்கள், நானும்தான். அப்போது மேகத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கம்பீரக் குரல்: இக்கோயிலின் நிழல் தரையில் விழாது!

கோயில் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின் பெயரை, இன்ன சிறகில் இத்தனையாவது வீடு என்று விலாசத்தோடு ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தெருவில் வீடு வீடாகக் கதவு தட்டலாம். அதை வாத்தியாரும் சொன்னதில்லை, மேகக் குரலும் சொல்லவில்லை. நிழல் மட்டும் பிரம்பிலிருந்து திரைக்குப் பத்திரமாக இடம்பெயர்ந்துவிட்டது.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், போன லீவுல நாங்க அந்த நிழல்லதான் உக்காந்து புளிசோறு தின்னோம்."

அறைந்து உட்கார வைக்க இப்போது பிரம்பு இல்லையே. என் மருமகள் சிரித்துவிட்டாள். அதற்குள் திரையில் வினாடி வினா வந்துவிட்டது. நிழல் தரையில் விழாத கோயில் எது? கீழே நான்கு கோயில்கள். புளிசோற்றுக்காரியைத்தான் கூப்பிட்டாள். அவள் ஒரு விநாடி திரையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பெரிய கோயிலை அமுக்கினாள். கைதட்டல் சத்தம்; மஞ்சள் நட்சத்திரம் ஒன்று குதித்தது.

நான் மருமகளைப் பார்த்தேன்.

"என்ன செய்யறது மாமா? விழும்னு அமுக்க அதுல பட்டன் இல்லையே" என்றாள்.