எம்டனுக்குக் கரி அள்ளியது யார்?

கேள்வி: என் மகன் ராத்திரி பூரா போர்க்கப்பல் கேம் ஆடுகிறான். கேட்டால், "சரித்திரம் படிக்கிறேன்பா" என்கிறான். நம்பலாமா?
– ஒரு தகப்பன், ராயபுரம்

பதில்: பாதி நம்பலாம். 'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' விளையாட்டில் எம்டனே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, உங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல்! சுமார் 130 குண்டுகள். கரையிலிருந்த பீரங்கிகள் முழித்துக்கொண்டு சுட்டும், ஒரு குண்டும் படாமல் ஆள் எஸ்கேப். அப்புறம் சில நாட்களுக்கு மூட்டை முடிச்சோடு பலர் ஊரைக் காலி செய்தார்கள். அந்தக் கூட்டம் எந்த கேமிலும் வராது.

கேமில் ஓரளவு சமமான எதிரியோடுதான் கோத்துவிடுவார்கள். எம்டனின் கேப்டன் முல்லருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே வந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. அடி தாங்காமல் எம்டன் பவளப்பாறையில் ஏறி நின்றது. மறுபடி ஆட பட்டன் இல்லை.

அதுவரை முல்லரின் தீராத தலைவலி எதிரி அல்ல, நிலக்கரி. பிடித்த கப்பல்களிலிருந்து எடுத்து, வெயிலில் மாலுமிகளே மூட்டை சுமந்தார்கள். பையனிடம் "கரிக்கு என்னடா செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே கணக்குச் சொல்வான். ஏமாறாதீர்கள், அந்த கேமில் 'கரி' என்பது கப்பல் வாங்கும் காசு!