முதலில் வாசல், பிறகு கருவி

கேள்வி: சமூகமும் தொழில்நுட்பமும் இவ்வளவு வேகமாக மாறும்போது பல்கலைக்கழகங்கள் எப்படி ஈடுகொடுப்பது?

பதில்: கருவி வாங்குவதற்கு முன் வாசலை அகலப்படுத்த வேண்டும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் சாசனம் பெற்று 1971-இல் பாடம் நடத்தத் தொடங்கியபோது, பிபிசி தொலைக்காட்சியில் பேராசிரியர்கள் தோன்றியதைத்தான் ஊரே பேசியது. உண்மையான மாற்றம் வேறிடத்தில் நடந்தது. முன்தகுதி கேட்காமல், வேலைக்குப் போகிறவர்களையும் இல்லத்தரசிகளையும் அது சேர்த்துக்கொண்டது. அஞ்சலில் பாடநூல் வந்தது. எழுதி அனுப்பியதைத் திருத்தி, குறை சொல்லி, ஊக்கம் கொடுக்க ஓர் ஆசிரியரும் இருந்தார். அந்த ஆசிரியரை விட்டுவிட்டுக் காணொளியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2012-ஐ ஒட்டிப் பரவிய இணையப் பாடங்கள் காட்டின. லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள், முடித்தவர்களோ பெரும்பாலான பாடங்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை.

வாசலைத் திறந்தால் தரம் சரியும் என்பார்கள். தரத்தைக் காக்கவேண்டிய இடம் சேர்க்கை அல்ல, தேர்வு. சேர்க்கையில் இளகிய அந்தப் பல்கலைக்கழகம், வெளித்தேர்வாளர்களை வைத்து மதிப்பிட்டுத்தான் பட்டம் கொடுத்தது. இன்று செயற்கை நுண்ணறிவு கட்டுரையே எழுதித் தருகிறது. ஆகவே மாணவரை எதிரே உட்காரவைத்து, ஏன், எப்படி என்று கேட்கும் ஆசிரியர் முன்னைவிட அதிகம் தேவை. கணினிக்கூடத்துக்குக் கோடிகள் ஒதுக்கிவிட்டு ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக வைத்திருப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.