கை நீட்டிக் கேட்பது

எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் பையன்களுக்குப் பிரம்படி விழும். அதற்கும் மசியாதவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருந்தது: பெண்கள் பக்கம் போய் உட்கார வேண்டும். வகுப்பே சிரிக்கும். அடி வாங்கியபோது அழாதவன்கூட எங்கள் பெஞ்சின் ஓரத்தில், பாவாடை நுனி மேலே பட்டுவிடாமல் ஒடுங்கி உட்கார்ந்து அழுவான். 1980களில் தமிழ்நாட்டில் இருபாலர் பள்ளிகளில் படித்த பலருக்கும் இது தெரிந்திருக்கும். அவன் அழுததைத்தான் எல்லோரும் நினைவு வைத்துச் சொல்கிறார்கள். பெஞ்சில் ஏற்கனவே உட்கார்ந்திருந்த எங்களுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவனுக்குத் தண்டனையே நாங்கள்தான் என்பது பதினோரு வயதில் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அதே வயதில் என் மகன், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியின் ஆறாம் வகுப்பில், பெண் பிள்ளைகளுக்கு எதிரே நின்று பால்ரூம் நடனம் கற்றான். பணம் கட்டிச் சேரும் தனி வகுப்பு இல்லை. கணக்கு, அறிவியல் போலப் பாடவேளைக்குள், வகுப்பிலிருந்த எல்லோருக்கும். பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சட்டைக் கையை விரல்நுனி வரை இழுத்து மூடிக்கொண்டார்கள். தோல் தோலில் படக்கூடாது. ஆசிரியர் அதட்டவில்லை. அவர்களை அவர் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்றுதான் கூப்பிட்டார். சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னார். பிறகு எப்படி நிற்பது என்பதிலேயே நெடுநேரம் போனது. முதுகு நிமிர வேண்டும். முழங்கை தொங்கக்கூடாது. ஒரு கை எதிரே நிற்பவரின் தோள்பட்டை எலும்பின்மேல் தட்டையாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கக்கூடாது. கண்ணைப் பார்த்து, "என்னோடு ஆடுகிறீர்களா?" என்று கேட்க வேண்டும். பாட்டு முடிந்ததும் நன்றி சொல்ல வேண்டும். அதன்பின் வரிசை ஓர் இடம் நகரும், அடுத்தவரிடம் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். ஒரு பாடவேளைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனையோ முறை கேட்கிறது, எத்தனையோ முறை கேட்கப்படுகிறது.

கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"பொம்பளப் புள்ளைங்க கையப் புடிச்சா ஆடுறான்? அதுங்க சரின்னு சொல்லணுமேடி?"

"கேட்டுட்டுத்தாம்மா கைய நீட்டணும். மொதல்ல அதத்தான் சொல்லித் தர்றாங்க."

"கேக்கறதுக்கா சொல்லித் தர்றாங்க?" என்றாள் அம்மா. பிறகு, "நல்லதுதான்" என்றாள்.

வகுப்பில் ஒரு சிறுமியின் வீட்டில், ஆண் பிள்ளைகளைத் தொட்டு ஆடுவது அவர்கள் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று சொல்லியிருந்தார்கள். அவளை ஒதுக்கி மூலையில் உட்கார வைக்கவில்லை. பாட்டைப் போடுவது, நிறுத்துவது, தாளம் எண்ணிச் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பானது. அவள் கை உயர்த்தினால்தான் நடனம் தொடங்கும்.

நியூயார்க்கின் அரசுப் பள்ளிகளுக்குள் பால்ரூமை இப்படிக் கொண்டுவந்தவர் பியர் டுலேன். 1994இல் ஒரு பள்ளியில் அவர் தொடங்கியது 'டான்சிங் கிளாஸ்ரூம்ஸ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. பத்து வாரம், இருபது வகுப்பு என்பது அவர்கள் வகுத்த அளவு. அவர் 1944இல் அன்றைய பாலஸ்தீனத்தின் யாஃபாவில் பிறந்தவர். தாய் பாலஸ்தீனர், தந்தை அயர்லாந்துக்காரர். 1948இல் குடும்பம் அந்த ஊரை விட்டு வெளியேறியது. பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பிப் போன டுலேன், அங்கே யூதப் பிள்ளைகளையும் பாலஸ்தீனப் பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்தி ஆடக் கற்றுக்கொடுத்தார். 'டான்சிங் இன் யாஃபா' என்ற 2013ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். ஒருவர் கையை ஒருவர் பிடிக்கத் தயங்கி நிற்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பள்ளித் தண்ணீர்ப் பானைதான் நினைவுக்கு வந்தது. யார் மொண்டு குடிக்கலாம், யாருக்கு மேலிருந்து ஊற்றுவார்கள் என்று அங்கே யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது.

நடனத்தோடு நன்னடத்தை கற்பிப்பதும் எல்லாக் காலத்திலும் எல்லோருக்குமாக இருந்ததில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 'கொட்டிலியன்' என்ற வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. எந்த முள்கரண்டியை எப்போது எடுப்பது, நன்றிக் கடிதம் எப்படி எழுதுவது, வால்ட்ஸுக்கு எப்படி அழைப்பது என்றெல்லாம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். சிறுமிகளுக்கு வெள்ளைக் கையுறையும் உண்டு. நெடுங்காலம் அந்தக் கூடங்கள் வசதியுள்ள வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கே திறந்திருந்தன. கதவு திறக்காத நிலையில், கறுப்பினத் தாய்மார் 1938இல் ஃபிலடெல்ஃபியாவில் 'ஜாக் அண்ட் ஜில்' என்ற அமைப்பைத் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே தொடங்கினார்கள். என் மகன் வகுப்பில் ஆடிய ஸ்விங், 1926இல் ஹார்லெமில் திறந்த சவாய் பால்ரூம் போன்ற இடங்களில் கறுப்பினத்தவர் வளர்த்தெடுத்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆட முடிந்த அரிய இடம் சவாய். மெரெங்கே டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது, ரும்பா கியூபாவிலிருந்து. டாங்கோவோ புவெனஸ் அயர்ஸ், மான்ட்டிவிடியோ துறைமுகங்களின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்தது. கனவான்களின் கூடத்துக்கு நடனங்களைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கூடத்துக்குள் விடப்படாதவர்கள். பாட்டு மாறும்போதெல்லாம் ஆசிரியர் அந்தந்த நாட்டை வரைபடத்தில் காட்டினார். டொமினிக்கன் குடும்பத்துப் பையன் ஒருவன் மெரெங்கே அன்று தானே எழுந்து முன்னால் வந்து நின்றான்.

நம்மிடம் நன்னடத்தைப் பாடம் இல்லாமலில்லை. பந்தியில் பெரியவர்கள் கை வைக்கும்வரை காத்திருக்க வேண்டும், பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்குமுன் எழக்கூடாது. இவற்றை எனக்குச் சொல்லித் தந்தவர்களிடம் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் ஒரு பையனும் பெண்ணும் எதிரெதிரே நின்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரே விதிதான் இருந்தது: நிற்காதே. பதின்மூன்று வயதில் ஆண்டு விழாக் கோலாட்டத்திலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். உடம்பு வளர ஆரம்பித்த அந்த நேரத்தில்தான் அதை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்க யாராவது கற்றுத் தந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் தாவணியைத் தந்தார்கள்.

அதனால்தான் அந்த வரிசை நகர்வதை நான் இவ்வளவு மதிக்கிறேன். யாரோடு ஆடுவது என்று பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே யாரும் கூப்பிடாமல் ஒரு பிள்ளை சுவரோரம் நிற்பதும் இல்லை. குண்டாக இருப்பவள், வியர்க்கிறவன், நேற்றுத்தான் வேறு நாட்டிலிருந்து வந்து ஆங்கிலம் பேசத் தெரியாதவள், எல்லோருக்கும் அதே குனிவு, அதே கேள்வி, அதே நன்றி. இப்போது பல வகுப்புகளில் பையன்தான் நடத்த வேண்டும் என்பதும் போய்விட்டது. நடத்துவதையும் தொடர்வதையும் இருவருமே கற்கிறார்கள்.

கடைசியில் வைக்கும் போட்டிதான் எனக்கு உடன்பாடில்லாதது. 2005இல் வந்த 'மேட் ஹாட் பால்ரூம்' என்ற ஆவணப்படம் நியூயார்க் பள்ளிகளின் அந்தப் போட்டியைச் சுற்றியே செல்கிறது. படமாகப் பார்க்க விறுவிறுப்புதான். ஆனால் வாரக்கணக்கில் ஒரே வரிசையாய் நகர்ந்த வகுப்பிலிருந்து சில ஜோடிகளை மட்டும் பிரித்தெடுக்கும்போது, மீதிப் பிள்ளைகள் அதுவரை கற்றதற்கு நேர்மாறான ஒன்றைக் கற்கிறார்கள். என் மகன் வகுப்பிலும் அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, போட்டி வேண்டாம், அந்தப் பணத்தில் ஏழாம் வகுப்பிலும் இதைத் தொடருங்கள் என்று கேட்டேன். சட்டைக் கையை மறுபடி இழுத்து மூடும் வயது அதுதான். அதற்கு நிதி இல்லை என்றார்கள். மகன் இப்போது எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த ஆண்டு இன்னும் மூன்று தாய்மாரும் என்னோடு எழுந்து நின்று கேட்டார்கள்.