எல்.எம்.எஸ். இன்சார்ஜ்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் துறைக்கு ஒருவராகவோ, நிர்வாகம் சிக்கனமானதாக இருந்தால் கல்லூரிக்கே ஒருவராகவோ காணப்படுபவர் எல்.எம்.எஸ். இன்சார்ஜ். பதவி உயர்வுப் பட்டியலில் இப்படி ஒரு பதவி கிடையாது; சம்பளச் சீட்டில் இதற்கென்று ஒரு வரியும் கிடையாது. உதவிப் பேராசிரியர் ஒருவர் தம் பாடவேளைகளையெல்லாம் எடுத்து முடித்த பிறகு, மற்றவர்களுடைய பி.பி.டி.களையும் வினாடி வினாக்களையும் கல்லூரியின் எல்.எம்.எஸ். என்னும் இணையக் கற்றல் தளத்தில் ஏற்றிக் கொடுக்கும் வேலை இது. சர்குலரில் 'கூடுதல் பொறுப்பு' என்று இருக்கும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி; கல்லூரிக்கு இளைத்தவர் எல்.எம்.எஸ். இன்சார்ஜ்.

இவரைத் தேர்ந்தெடுக்க விளம்பரமோ நேர்காணலோ தேவைப்படுவதில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் புரொஜெக்டர் வெறும் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, யார் எழுந்து போய் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுகிறாரோ அவரை முதல்வர் மனத்தில் குறித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் சர்குலர் வந்துவிடும். கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேதியியல்காரர், வணிகவியல்காரர், ஆங்கிலத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர் என்று எல்லாரும் இந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். கேபிளைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது கம்ப்யூட்டர் துறைக்காரர்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதில்லை.

இவர் தலையில் கட்டப்படும் தளம் பெரும்பாலும் மூடுல். காரணம், அது இலவசம். ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் அதை உருவாக்கி, 2002 ஆகஸ்டில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். பள்ளிக்கூடம் எட்டாத பாலைவனப் பகுதியில், சிற்றலை வானொலி வழியாகப் பாடம் கேட்டு வளர்ந்தவர் அவர். கற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசி, சேர்ந்து செய்து பார்த்து அறிவைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்ற கல்விக் கொள்கையின் மேல் தளத்தைக் கட்டினார். ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்தைத் தாமே அமைத்துக்கொள்வார் என்று நம்பி, ஆசிரியருக்கு அதில் ஏகப்பட்ட அதிகாரங்களையும் கொடுத்தார். நம் கல்லூரிகளில் அந்த அதிகாரங்கள் அத்தனையும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. மற்ற எண்பது பேரின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் இன்சார்ஜுடைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். எண்பது பேருக்கும் பாஸ்வேர்டு ஒன்றுதான்: கல்லூரியின் பெயர், ஓர் 'அட்' குறி, 123.

2020 மார்ச் ஊரடங்குவரை பல கல்லூரிகளில் இந்தத் தளம் தூங்கிக்கொண்டிருந்தது. ஊரடங்கில் எழுந்தது. வகுப்பறை திறந்த பிறகும் அதை மறுபடி தூங்க வைக்க நிர்வாகம் ஒப்பவில்லை; 'எல்லா யூனிட்டுக்கும் பி.பி.டி., யூனிட்டுக்கு ஒரு குவிஸ்' என்ற விதி அப்படியே தங்கிவிட்டது.

பி.பி.டி.கள் பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து விழுகின்றன. ஒரே பேராசிரியரிடமிருந்து 'யூனிட் 3 ஃபைனல்', 'யூனிட் 3 ஃபைனல் நியூ', 'யூனிட் 3 ஃபைனல் நியூ ஒரிஜினல்' என்று மூன்று கோப்புகள் வரும். எதை ஏற்றுவது என்று கேட்டால், "லேட்டஸ்ட்டா எது இருக்கோ அத ஏத்திருங்க தம்பி" என்பது பதில். மூன்றும் ஒரே நாளில் சேமிக்கப்பட்டவையாக இருக்கும்.

அடுத்தது எடைப் பிரச்சினை. மூடுல் ஓடுவது பி.எச்.பி. என்ற நிரல்மொழியில். அதன் அமைப்புக் கோப்பில் யாரும் கை வைக்காதவரை ஏற்றக்கூடிய கோப்பின் உச்ச அளவு 2 எம்.பி.தான். மூத்த பேராசிரியரின் யூனிட் 3 சாதாரணமாக 84 எம்.பி. இருக்கும். அதில் எழுத்து என்று அதிகம் இருக்காது. பாடப்புத்தகத்தைக் கைபேசியில் படம் பிடித்து, ஸ்லைடுக்கு ஒரு பக்கமாக ஒட்டியிருப்பார். புத்தகத்தை விரித்துப் பிடித்த கட்டைவிரலும் ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் வந்துகொண்டே இருக்கும். இன்சார்ஜ் படங்களைச் சுருக்கி, கட்டைவிரல்களை ஒவ்வொன்றாக வெட்டி, கோப்பை 9 எம்.பி.க்குக் கொண்டுவருகிறார். பிறகு சர்வர் அறை வாசலில் நின்று வரம்பை உயர்த்தித் தரும்படி கேட்கிறார். உயர்த்தியும் கோப்பு ஏறாது. தனிக் கோப்புக்கு ஒரு வரம்பு, ஒரு தடவையில் அனுப்பும் மொத்தத்துக்கு 8 எம்.பி. என்று இன்னொரு வரம்பு; இரண்டையும் மாற்ற வேண்டும். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போவது சர்வர் அறையின் மரபு.

தமிழ்த் துறையின் பி.பி.டி.க்கு வேறு வகைக் கவனிப்பு தேவை. பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்று ஆணை வெளியிட்டுவிட்டது. ஆனால் அதற்கும் முன்பு அடித்து வைத்த சிலப்பதிகாரக் குறிப்புகளுக்கு அந்த ஆணை செல்லுபடியாவதில்லை. "என் சிஸ்டத்துல நல்லாத்தானே தெரியுது?" என்று ஐயா கேட்பார். அவர் சிஸ்டத்தில் நல்லாத்தான் தெரியும். இன்சார்ஜ் இரவு உட்கார்ந்து குறிப்பு முழுவதையும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்து, கொம்பும் காலும் இடம் மாறிய சொற்களைக் கையால் சரி செய்கிறார். வேதியியல் எம்.எஸ்ஸி. படித்த ஒருவர் மதுரைக் காண்டத்தை வரி வரியாக வாசித்திருக்கிறார் என்றால் காரணம் இதுதான்.

அனிமேஷன் பிரியர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஒவ்வொரு சொல்லும் இடப்பக்கத்திலிருந்து பறந்து வரும். ஒவ்வொன்றுக்கும் டைப்ரைட்டர் சத்தம் வைத்திருப்பார்கள். பி.டி.எஃப். ஆக்கினால் பறக்கிற வித்தை போய்விடும். ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டிய இதயத்தின் ஐந்து படங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே பீட்ரூட்டாகக் காட்சி தரும். "என் உழைப்பே போச்சு" என்று உரியவர் வருந்துவார். இன்சார்ஜ் அந்த ஒரு ஸ்லைடை ஐந்தாகப் பிரித்துக் கொடுப்பார்.

காசு கொடுத்து வாங்கிய ஆயத்தப் பாடங்கள் ஸ்கார்ம் என்ற பொட்டல வடிவில் வரும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் உருவான தரம் அது. ராணுவ ஒழுங்கு அதில் மிச்சமிருக்கிறது. பொட்டலத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் மானிஃபெஸ்ட் கோப்பு ஜிப்பைத் திறந்த உடனே கண்ணில் பட வேண்டும். கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஜிப் செய்தால் ஏறும். அவை இருக்கும் ஃபோல்டரை ஜிப் செய்தால் ஏறாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இன்சார்ஜ் ஒரு சனிக்கிழமையை முழுதாகக் கொடுத்திருப்பார். ஃபிளாஷில் செய்த பழைய பொட்டலங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது; 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஓட மறுத்துவிட்டது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் மட்டும் அவை இன்றும் நல்ல நிலையில் உள்ளன.

இவ்வளவும் பி.பி.டி.யோடு போய்விடும். ஆளை உருக்குவது குவிஸ்தான்.

வினா வங்கி வேர்டு கோப்பில் வருகிறது. நூறு வினாக்கள், வினாவுக்கு நான்கு விடைகள், சரியான விடை சிவப்பு நிறத்தில். மூடுலுக்கு மொத்தமாக ஊட்டுவதற்கு எய்க்கன் என்று ஓர் எளிய முறை உண்டு. வினா ஒரே வரியில் இருக்க வேண்டும். விடைகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஏ, பி, சி, டி என்று தனித்தனி வரியில். கடைசி வரியில் 'ஆன்சர்' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, சரியான விடையின் எழுத்து. வேர்டிலிருந்து எடுத்து நோட்பேடில் ஒட்டிய கணத்தில் சிவப்பு மறைந்துவிடுகிறது. நானூறு விடைகளில் எது சரி என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றால், ஆபீஸ் பிரின்டர் கறுப்பு வெள்ளை. ஆகவே ஒரு பக்கம் வேர்டு, ஒரு பக்கம் நோட்பேடு என்று திறந்து வைத்து, நூறு தடவை 'ஆன்சர்' அடிக்கிறார். எழுபதாவது வினாவில் சரியான விடையே பட்டியலில் இல்லை என்பது தெரிய வரும். பேராசிரியரைக் கூப்பிட்டால், "பசங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க, சி-ன்னு போட்டுருங்க" என்பார். சரியான விடைகளில் பாதிக்கு மேல் 'சி'யாக அமைந்துவிடுவது இப்படித்தான்.

விடைகளைக் கலைத்துப் போடும் வசதி மூடுலில் உண்டு. பக்கத்து மாணவரைப் பார்த்து எழுதுவதைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் நம் வினாத்தாள் மரபில் 'மேற்கண்ட அனைத்தும்' இல்லாத பக்கம் கிடையாது. கலைத்துப் போட்டதும் அது முதல் விடையாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேலே வினாவைத் தவிர எதுவும் இருக்காது. 'ஏ மற்றும் சி இரண்டும்' என்ற விடை தானே சி-யாக வந்து நிற்பதும் உண்டு. தளத்தின்மேல் குற்றமில்லை, வினாவை எழுதியவர்மேலும் குற்றமில்லை. இருவரும் சந்திக்கும் இடத்தில் இன்சார்ஜ் நிற்பதால் புகார் அவர்மேல் வருகிறது.

கோடிட்ட இடத்தை நிரப்பும் வினா இன்னும் ஆபத்தானது. கணினியின் தந்தை யார் என்ற வினாவுக்கு 'சார்லஸ் பாபேஜ்' என்று விடை கொடுத்து வைத்தால், எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்தவருக்குத்தான் மதிப்பெண். 'பாபேஜ்' என்பவருக்குச் சுழியம், 'சார்லஸ் பாப்பேஜ்' என்பவருக்குச் சுழியம், 'திரு. சார்லஸ் பாபேஜ் அவர்கள்' என்று பணிவோடு எழுதிய மாணவிக்கும் சுழியம். இதற்குப் பரிகாரமாகப் பெயரின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போடலாம். நடுவில் 'பாபேஜ்' இருந்தால் போதும் என்று தளம் இறங்கி வரும். அப்போது 'கண்டிப்பாக பாபேஜ் இல்லை' என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் விழும். எண் விடைகளிலும் இதே கதை: பிழை வரம்பு குறிக்காமல் 9.8 என்று விட்டால் 9.81 தவறு. இயற்பியல் துறை கொதித்தெழும்.

தேர்வு நாளன்று இவருடைய கைபேசி ஓயாது. சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருந்தால் காலை 10 மணித் தேர்வு மாலை 3.30க்குத்தான் திறக்கும். அதைச் சரி செய்து முடித்தால் வேறு குரல்கள் வரிசையில் நிற்கும்: "சார், சுத்திக்கிட்டே இருக்கு", "சார், கரன்ட் போயிருச்சு", "சப்மிட் குடுத்தேன் சார், போகவே இல்ல". கால அளவு அரை மணி, முடியும் நேரம் 10.30 என்றால், 10.10க்கு உள்ளே வந்தவருக்கு இருபது நிமிடம்தான் கிடைக்கும். இதை மாணவருக்கு விளக்குவது எளிது, "ஹாஃப் அன் அவர்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்கும் துறைத் தலைவருக்கு விளக்குவது கடினம்.

மூடுலின் குவிஸ் அமைப்பில் ஒரு பெரிய கட்டம் உண்டு: மாணவருக்கு எதை எப்போது காட்டலாம் என்று கேட்டு வரிசை வரிசையாகச் சிறு பெட்டிகள். தேர்வை முடித்தவுடனே சரியான விடைகளைக் காட்டும் பெட்டியில் டிக் ஏற்கனவே போட்டிருக்கும். அதை எடுக்க மறந்த நாளில், முதலில் முடித்தவருடைய ஸ்கிரீன்ஷாட் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். பிறகு வருகிறவர்கள் முப்பது வினாக்களை ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் முடித்து முப்பதுக்கு முப்பது வாங்குவார்கள். யார், எந்த நேரத்தில், எதை அமுக்கினார் என்று தளத்தின் லாகில் எல்லாம் பதிவாகியிருக்கும். இன்சார்ஜ் அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போகிறார். அவர் மதிப்பெண் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, இந்த பேட்ச் நல்லா பண்ணுதே" என்கிறார். பிரின்ட் கோப்பில் சேர்க்கப்படுகிறது.

நாக் குழு வரும் ஆண்டில் இவருக்கு மரியாதை கூடும். 1994இல் தொடங்கப்பட்டு பெங்களூரிலிருந்து இயங்கும் அந்த மதிப்பீட்டு அமைப்பு, கற்பித்தலில் கணினித் தொழில்நுட்பம் எவ்வளவு பயன்படுகிறது என்று கேட்கும். அதுவரை ஒருமுறைகூட உள்ளே நுழையாதவர்கள் இவர் மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்காருவார்கள். "தம்பி, இத ஜூன் மாசமே ஏத்தின மாதிரி காட்ட முடியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். முடியாது என்பதை லாக் இவருக்கு முன்பே சொல்லிவிட்டது. பெண் இன்சார்ஜாக இருந்தால், சாதாரண நாளில் "ஏம்மா" என்று கூப்பிடுபவர்கள் அந்த ஒரு மாதம் "மேடம்" என்று கூப்பிடுவார்கள்.

எல்லாருடைய ஸ்லைடுகளையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்த ஒரே மனிதர் என்ற வகையில் இவருக்குச் சில ரகசியங்கள் தெரியும். கோப்பின் பண்புகளைத் திறந்தால் 'ஆசிரியர்' என்ற இடத்தில் வேறு மாநிலத்துப் பேராசிரியர் ஒருவரின் பெயர் இருக்கும். இரண்டு துறைத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பி.பி.டி.யைத் தங்கள் சொந்தப் படைப்பாகக் கொடுத்திருப்பார்கள். இன்சார்ஜ் இரண்டையும் ஏற்றிவிட்டு வாயைத் திறப்பதில்லை. நல்ல ஆசிரியர் யார் என்பதும் இவருக்குத்தான் தெரியும்: மூன்று வரி வினாவை யோசித்து எழுதி, ஒவ்வொரு தவறான விடைக்கும் அது ஏன் தவறு என்று குறிப்புப் போட்டு, தாமே உள்ளே நுழைந்து ஏற்றிவிட்டுப் போகிற ஓரிருவர் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். அவர்கள் இவருக்குப் போன் செய்வதே இல்லை.

பிஎச்.டி. விடுப்பு, வேறு கல்லூரியில் வேலை, கேபிளைச் செருகத் தெரிந்த புதிய ஜூனியர் என்று ஏதாவது ஒன்று வாய்த்தால் இவர் விடுபடுகிறார். ஒப்படைப்பு ஒரு மதிய உணவு இடைவேளைக்குள் முடிந்துவிடும்: அட்மின் பாஸ்வேர்டு, டைரியின் கடைசிப் பக்கத்தின் ஜெராக்ஸ், பாமினி எழுத்துரு உள்ள ஒரு பென்டிரைவ். ஜூனில் புதியவர் சென்ற ஆண்டுப் பாடங்களைப் பேக்கப்பிலிருந்து அப்படியே மீட்டு, வேலை இவ்வளவுதானா என்று நிம்மதியடைகிறார். குவிஸ்களும் சென்ற ஆண்டுத் தேதிகளோடே மீண்டு வந்திருப்பது முதல் தேர்வன்று காலை 10 மணிக்கு, 'இந்தத் தேர்வு முடிந்துவிட்டது' என்ற வரி அறுபது திரைகளில் ஒரே நேரத்தில் தோன்றும்போது தெரியவரும். நாற்பது குவிஸ்களுக்கும் ஆண்டை ஒவ்வொன்றாக மாற்றும் வேலை அன்று மதியம் ஆரம்பமாகிறது.