வந்தாறுமூலையில் நின்று விமானம் பிடிப்பது எப்படி

எங்கள் ஊரில் ஹயர் பிடிப்பதென்றால் வான், ஓட்டோ, அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரம். அதோடு சரி. விமானம் பிடிக்கவேண்டிய தேவை எனக்குக் கனடாச் சித்தப்பாவால் வந்தது. மகளின் கலியாணத்துக்கு எட்டுப் பேராக வருகிறார்கள். "மகன், கட்டுநாயக்காவில இறங்கி மறுகா ஏழு மணித்தியாலம் வானில இருக்க என்ட முதுகுக்கு ஏலா. ஒரு சின்னப் பிளேன ஹயருக்குப் பேசுங்க. பாதுகாப்பானதாப் பாருங்க, என்ன?"

கேட்டதில் பிழையில்லை. மட்டக்களப்பில் வாவியோரம் விமானநிலையம் இருக்கிறது. 1958இல் திறந்தது. யுத்த காலத்தில் விமானப்படையின் கையில் கிடந்து, 2018இல் உள்நாட்டுப் பயணிகளுக்காக மறுபடி திறந்துவிட்டார்கள். ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். பெரிய ஜெட்டுக்குப் போதாது; எட்டுப் பேர் இருக்கும் செஸ்னா கரவனுக்குத் தாராளம், அது வந்து போயும் இருக்கிறது. ஆக, விமானம் பிரச்சினையில்லை. "பாதுகாப்பானதாப் பாருங்க" என்ற அந்த ஒரு சொல்தான் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. நான் கற்றது ஊருக்கு உதவட்டும்.

முதல் வேலை, உலோகம் பார்ப்பது. வாடகை விமானக் கம்பனிகளுக்குத் தரம் கொடுக்கும் தனியார் நிறுவனங்கள் உலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் ஆர்கஸ் தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரிக்கும். தங்கமென்றால் பெரும்பாலும் மேசையில் இருந்து பார்ப்பது: விமானிகளின் பதிவுகள், பழைய விபத்துகள், காப்புறுதி. பிளாட்டினம் வேண்டுமென்றால் ஆட்கள் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். வைவர்ன் என்று இன்னொன்று இருக்கிறது, அது கொடுக்கும் பட்டத்துக்கு விங்மேன் என்று பெயர். 2002இல் வந்த ஐஎஸ்-பாவோ என்ற சர்வதேசத் தர ஏற்பாட்டில் மூன்று படிகள். இவ்வளவையும் படித்துத் தலையைக் குழப்பவேண்டாம். தங்கம் என்று எழுதியிருந்தால் சரி என்று வந்துவிடுங்கள். முக்கியமாக, நகைக்கடையில் காப்பை வாங்கிக் கையில் நிறுத்து, உரைத்து, முத்திரையைத் தேடிப் பார்க்கிற எங்கள் அம்மாமாரை இந்தக் காரியத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். அவர்கள் "எந்தப் பவுண், ஆர் உரைச்சது?" என்று கேட்டு மானத்தை வாங்குவார்கள்.

சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை கொடுக்கும் இயக்குநர் சான்றிதழ் என்று ஒன்றையும் யாராவது காட்டக்கூடும். அதைப் புரட்டவேண்டாம். சட்டப்படி கட்டாயமானது அதுதான், எந்த விமானத்தை எந்த வேலைக்கு ஓட்டலாம் என்று அதோடு சேர்ந்த பத்திரங்களில் எழுதியும் இருக்கும். ஆனால் அதில் மினுக்கம் இல்லை. தங்கமோ விரும்பினால் எடுப்பது, கம்பனி காசு கட்டி எடுப்பது. காசு கட்டி எடுத்த பொருளுக்குத்தானே மதிப்பு.

கணக்காய்வு என்றால் என்ன என்று வந்தாறுமூலை ஆட்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. பல்கலைக்கழகம் வந்த நாளிலிருந்து மதிப்பீட்டுக் குழுக்கள் வந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகம், எதென்று சொல்லமாட்டேன், ஐந்து எஸ் என்ற அலுவலக ஒழுங்குப் போட்டியில் இறங்கியது. இரண்டு கிழமைக்குள் எல்லாவற்றுக்கும் லேபல். துடைப்பத்துக்கு மேலே "துடைப்பம்", தண்ணீர்ப் போத்தல் வைக்கும் இடத்தில் வட்டம் கீறி "தண்ணீர்". சுவரில் ஐந்து சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் கீழே கணினியில் அடித்து ஒட்டிய துண்டு: மின்விசிறி 1, மின்விசிறி 2. குழு வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது, விருதும் கிடைத்தது. நான் போனமாதம் அங்கே ஒரு கடிதத்துக்காக வரிசையில் நின்றபோது வேர்த்து ஒழுக, மின்விசிறி 2 என்ற சுவிட்சை நானே எழும்பிப் போட்டேன். மேலே நிமிர்ந்தால் விசிறி இல்லை. கொக்கி மட்டும் இருக்கிறது. மேசையில் இருந்த தங்கச்சி சிரிக்காமல் சொன்னாள்: "அது பழுது பார்க்கக் கழட்டினது சேர். லேபல் இருக்குத்தானே."

இந்த அனுபவம் உள்ளவர்கள் அமெரிக்காவில் பெட்ஃபோர்ட் என்ற ஊரில் 2014 மே 31ஆம் திகதி இரவு நடந்ததைப் படித்தால் ஆச்சரியப்படமாட்டார்கள். ஒரு கோடீஸ்வரரின் சொந்த ஜெட், கல்ஃப்ஸ்ட்ரீம் நான்கு. பல வருடம் சேர்ந்து பறந்த இரண்டு விமானிகள். ஐஎஸ்-பாவோவின் இரண்டாம் படி பெற்ற நிர்வாகம். நிறுத்தி வைக்கும்போது காற்றில் வால் அடிபடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதைத் திறக்காமலே ஓடுபாதையில் வேகம் எடுத்தார்கள். விமானம் எழும்பவில்லை. பாதை முடிந்து போய் நொறுங்கி ஏழு பேரும் இறந்தார்கள். புறப்படுமுன் கைப்பிடிகளை நாலு பக்கமும் அசைத்துப் பார்த்திருந்தால் பூட்டு பிடிபட்டிருக்கும். ஏன் பார்க்கவில்லை என்று பதிவுக் கருவியைத் தோண்டியபோதுதான் தெரிந்தது: அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 வீதத்தில் அந்தச் சோதனையை அவர்கள் முழுமையாகச் செய்ததேயில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள், புத்தகத்தில் சோதனை இருந்தது. மின்விசிறி 2.

ஆகவே, கோவையை மட்டும் பாருங்கள். விமானி என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை.

அடுத்த ஆலோசனை தரகரைப் பற்றியது. நீங்கள் பேசுவது பெரும்பாலும் விமானக் கம்பனியோடு அல்ல, தரகரோடு. தரகருக்கு விமானமும் இல்லை, விமானியும் இல்லை. நல்ல குரல் இருக்கிறது. எங்கள் பக்கத்து வான் ஹயரைப் போலத்தான். ஹைரூப் பேசி முற்பணமும் கொடுத்திருப்பீர்கள், விடிய நாலு மணிக்கு வாசலில் டொல்பின் நிற்கும். "அண்ணே, அந்த வான் பிரேக் வேலைக்குப் போயிட்டு, இது மச்சான்ட. நல்ல வண்டி." ஓட்டுபவர் மச்சானும் இல்லை, மச்சானின் கூட்டாளி. விமானத்திலும் இதே கதை நடக்கும்: தங்கத் தரம் ஒரு கம்பனிக்கு, கடைசி நிமிடத்தில் வருவது இன்னொரு கம்பனியின் விமானம். முன்கூட்டியே விபரம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். தரம் எந்த விமானத்தோடும் ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்புங்கள்.

யார் யார் இதில் போயிருக்கிறார்கள் என்று விசாரிப்பது நல்ல பழக்கம். கேள்வியை அதோடு நிறுத்தவேண்டும். லாமியா என்ற பொலிவிய வாடகை விமானக் கம்பனியில் 2016 நவம்பரில் ஆர்ஜென்டினா அணி போனது, மெஸ்ஸியும் போனார். இதைவிட என்ன தரச் சான்றிதழ் வேண்டும்? அதே மாதம் 28ஆம் திகதி அதே விமானம் பிரேசிலின் சாப்பகோயென்சே உதைபந்தாட்ட அணியை ஏற்றிக்கொண்டு கொலம்பியாவுக்குப் போனது. பறப்புத் திட்டத்தில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம் என்று எழுதியிருந்தது. எரிபொருள் எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்ற கட்டத்திலும் 4 மணி 22 நிமிடம். ஒரு பெண் அதிகாரி இதைப் படித்துவிட்டுக் கேட்டார். நேரத்தோடு போய்விடுவோம் என்று பதில் வந்தது. விமானியே கம்பனியின் பங்காளி, அவரை யார் தடுப்பது? மெடலின் நகரத்துக்குப் பக்கத்து மலையில் பெற்றோல் முடிந்த வானைப் போல எஞ்சின் நான்கும் அடுத்தடுத்து நின்றுபோக, 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். ஒரு கட்டத்தையும் இன்னொரு கட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பிள்ளை போதும். ஆனால் மெஸ்ஸி போன விமானத்தில் கணக்குக் கேட்பது அழகா?

மலிவாக முடிக்கவும் வழியுண்டு. அனுமதி இல்லாத வீட்டு வானில் பெற்றோல் காசுக்குப் போவது போல, தெரிந்தவரின் தனிப்பட்ட விமானத்தில் போகலாம். 2019 ஜனவரியில் சாலா என்ற உதைபந்தாட்ட வீரர் பிரான்சிலிருந்து வேல்ஸுக்கு அப்படித்தான் போனார். விமானிக்குக் கூலிக்கு ஆள் ஏற்ற உரிமமும் இல்லை, இரவில் ஓட்டும் தகுதியும் இல்லை. விமானம் கடலில் விழுந்தது, இருவரும் இறந்தார்கள். பயணத்தை ஒழுங்கு செய்தவருக்குப் 18 மாதச் சிறை. தரகுக் காசு மிச்சம்.

இதில் எங்கள் நாட்டுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது, அதை நையாண்டியாக எழுத எனக்கு வரவில்லை. இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய இரண்டு விமான விபத்துகளும் வாடகை விமானங்கள்தான், இரண்டிலும் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்கள். 1974 டிசம்பர் 4, நோர்ட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஏழு கன்னியர் மலை, நெதர்லாந்தின் மார்ட்டின்எயார், 191 பேரும் முடிந்தார்கள். தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, நேரத்துக்கு முன்னமே கீழே இறங்கியிருந்தார்கள். 1978 நவம்பர் 15, ஜித்தாவிலிருந்து திரும்பிய ஐஸ்லாந்து விமானம் கட்டுநாயக்காவுக்குக் கிட்ட வந்து தென்னந்தோப்பில் விழுந்தது, 183 பேர் இறந்தார்கள். எங்கள் பக்கத்தைச் சூறாவளி அடித்துப் போட்டதற்கு ஒரு கிழமை முன்னால். இலங்கை விசாரணை விமானிகளைச் சொன்னது, ஐஸ்லாந்து தரையில் இருந்த கருவிகளையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் சொன்னது. அந்த யாத்திரிகர்களில் ஒருவரும் விமானத்தைத் தெரிவு செய்யவில்லை. யாரோ யாரிடமோ ஹயர் பேசியிருந்தார்கள்.

சரி, சித்தப்பாவின் காரியம். தரம் கொடுக்கும் நிறுவனங்களிடமே கொஞ்சம் அடக்கமான இன்னொரு சரக்கு இருக்கிறது. கம்பனிக்கு மொத்தமாகப் பட்டம் கொடுப்பதை விட்டு, குறிப்பிட்ட ஒரு பயணத்துக்கு இந்த விமானம், இந்த இரண்டு விமானிகள், இவர்கள் இந்த வகை விமானத்தில் ஓட்டிய மணித்தியாலம் இவ்வளவு என்று பார்த்துத் தரும் அறிக்கை. வைவர்ன் அதை பாஸ் என்கிறது. மினுக்கம் கிடையாது, சுவரில் மாட்டவும் ஏலாது. அந்த மாதிரி விபரம் தரமுடியுமா என்று என் தரகரிடம் கேட்டேன். நல்ல குரலில் சொன்னார்: "சேர், எந்த பிளேன், எந்த பைலட் எண்டது முதல்நாள் பின்னேரம்தான் தெரியும். ஆனா கம்பனி கோல்ட்."

சித்தப்பா குடும்பம் எட்டுப் பேரும் வானில் வந்தார்கள். எங்கள் வான்காரத் தம்பி புறப்படுமுன் வழக்கம்போல நாலு டயரையும் உதைத்து, பொனெட்டைத் திறந்து ஒயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தான். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் முன்கண்ணாடிப் பக்கம் மங்கிப்போய்க் கிடந்தது. சித்தப்பாவுக்கு முதுகு இரண்டு நாள் நொந்தது, மூன்றாம் நாள் தாலி கட்டும்போது நேராகத்தான் நின்றார்.

இனி யாராவது எங்கள் பக்கத்துக்கு விமானமோ ஹெலியோ பேசுவதாக இருந்தால், முற்பணம் கொடுக்குமுன் விமானத்தின் பதிவு எண்ணையும் இரண்டு விமானிகளின் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். மாறினால் காசு திரும்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இலங்கையில் பதிந்த விமானமென்றால் அந்த எண் 4ஆர் என்று தொடங்கும்.